இரைச்சலும் மூச்சும்

கடல்நீர் ஈர மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். மத்திய அலை வானொலி தரையை ஒட்டியே ஊர்ந்து வருவது. காய்ந்த நிலத்தின் மேல் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புநீரின் மேல் அவ்வளவாகத் தேயாது. சென்னையிலிருந்து ராமநாதபுரத்துக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் தரை. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலோ முப்பது கிலோமீட்டர்கூட நிறையாத கடல். இந்தக் கரையில் மூன்று தலைமுறை திரைப்பாட்டு கேட்டது இந்தக் கணக்கினால்தான்.

1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கும்வரை அந்த இடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. விவிதபாரதி வந்த பிறகும் எங்கள் பக்கத்து வீடுகளில் முள் கொழும்பைவிட்டு நகரவில்லை. ‘பொங்கும் பூம்புனல்’ காலையிலும் ‘இரவின் மடியில்’ ராத்திரியிலும் கேட்டுத்தான் வீட்டில் வேலை நடந்தது. மயில்வாகனனின் குரலும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆகியிருந்தன. பாட்டு சென்னையில் பதிவாகும், கல்கத்தாவில் இசைத்தட்டாகும், கொழும்புக்குக் கப்பலேறும், அங்கிருந்து காற்றில் கிளம்பி மறுபடியும் தமிழ்நாட்டின் கடைசி மண்ணில் வந்து இறங்கும். இவ்வளவு சுற்றி வந்த பாட்டைத்தான் ‘அசல்’ என்று மனம் பிடித்து வைத்திருக்கிறது.

சீர்திருத்தி மறுபடி வெளியிடும் பழைய பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். எந்த ஒலிக்குத் திரும்புவது என்ற கேள்வி முதலில் தீர்ந்தால்தான் நல்ல பதிப்பா கெட்ட பதிப்பா என்று பேசமுடியும்.

*

மனிதக் காது இளமையில் நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வுவரை கேட்கும். ஆசியாவில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே விட்ட இடைவெளி 9,000 அதிர்வு. அதில் பாதிதான் பாட்டுக்கு. நாலரை ஆயிரம், ஐயாயிரத்துக்கு மேல் வீட்டு ரேடியோவில் பெரிதாக ஒன்றும் வராது. கீழேயும் அப்படித்தான். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் இருநூறு அதிர்வுக்குக் கீழே எதையும் தெளிவாகத் தள்ளமுடியாது. நாங்கள் கேட்டது நடுத்துண்டு.

குரல் வசிப்பது அந்த நடுத்துண்டில்தான். அதனால் டி. எம். சௌந்தரராஜனோ பி. சுசீலாவோ எங்களுக்குக் குறைந்துபோகவில்லை. சொல் ஒவ்வொன்றும் வந்து சேர்ந்தது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் பழைய ராமநாதபுரம் ஜில்லாக்காரர். அவர் எழுத்து எதையும் கடல் தின்னவில்லை. தின்றது வேறு பலவற்றை.

இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் கிதார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். குரல் ஒரு வழி போக, அது கீழே இன்னொரு வழியில் நடந்து, சரணம் முடிகிற இடத்தில் வந்து கைகோக்கும். அதை வாசித்த சசிதரனின் பெயரை நான் தெரிந்துகொண்டது நல்ல பிரதி ஒன்றை நல்ல ஹெட்போனில் கேட்ட பிறகு. டிரான்சிஸ்டரில் அந்த வாசிப்பு முழுதும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. எண்பதுகளில் இந்தக் கரையில் அந்தப் பாட்டுகளோடு வளர்ந்து, அவற்றைத் தலைகீழாக ஒப்பிக்கக் கூடிய ஆயிரக்கணக்கானவர்கள் அதில் ஒரு கலைஞனின் உழைப்பை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மறுபதிப்புக்கு ஆதரவாக ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வாசித்தவருக்குச் சேரவேண்டியது சேர்கிறது.

*

கீழக்கரையில் ஒரு மைக் செட் கடை. இப்போது பெட்டி பெட்டியாகப் புதிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மாடிப்படிக்குக் கீழே குழாய்கள் சில, அஹுஜா யூனிட்டுகள், தட்டு ஓட்டுகிற மிஷின் ஒன்று, மரப்பெட்டியில் அடுக்கிய ரிக்கார்டுகள். கடைக்காரரை ஊரே ‘காக்கா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். கோயில் கொடை, கந்தூரி, காதுகுத்து என்று எல்லாப் பந்தலுக்கும் பாட்டு போட்டவர். சில ஊர்களில் இன்றைக்கும் குழாய்தான் வேண்டும், தட்டுதான் போடவேண்டும் என்று கேட்டு வருகிறார்களாம்.

குழாய் ஸ்பீக்கரும் நடுத்துண்டுக்காரன்தான். முந்நூறு அதிர்வுக்குக் கீழே அதில் ஒன்றும் தங்காது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டருக்குச் சொல் கேட்கும். நாகூர் ஹனிபாவின் குரலை அதில் கேட்டவர்களுக்குத் தெரியும், கருவியும் குரலும் ஒன்றுக்கொன்று பொருந்துவது என்றால் என்னவென்று. ஹனிபா பிறந்தது ராமநாதபுரத்தில். மைக் இல்லாமலே கூட்டத்தின் கடைசி வரிசையை எட்டக் கூடிய தொண்டை. சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம். ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியது அதில் ஒன்று. நோன்பு மாதத்தில் கீழக்கரைத் தெருக்களில் அந்தக் குரல் கேட்காத மாலை கிடையாது.

அந்தப் பாட்டின் சீர்செய்த பிரதி ஒன்றைக் காக்காவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். பாதிவரை பேசாமல் கேட்டார்.

“சுத்தமாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஹனிபா காக்கா மூச்சு எடுக்குற இடம் எங்க? கொரகொரப்பு தட்டோடது, மூச்சு மனுசனோடது. ரெண்டையும் ஒரே துணியில தொடச்சுட்டாங்களே.”

*

மறுபதிப்பு எதிலிருந்து செய்யப்படுகிறது என்பதே பாதிக் கதை.

அறுபதுகளின் பாட்டுக்கு மூலம் என்று சொல்லத்தக்கவை சில. பாடலைப் பதிவுசெய்த காந்தப் பிலிம் அல்லது டேப். படத்தின் ஒலி நெகட்டிவ். தட்டு அச்சடிக்கப் பயன்பட்ட உலோக அச்சு. இவை எதுவும் இல்லாவிட்டால், எங்கேயோ ஒரு வீட்டில் அதிகம் ஓடாமல் பிழைத்த தட்டு.

சென்னையின் வெக்கையும் ஈரமும் இவற்றுக்கு எதிரி. அசிடேட்டில் செய்த காந்தப் பிலிம் நாள்பட்டால் சிதையத் தொடங்கும். டப்பாவைத் திறந்தால் காடி வாசம் முகத்தில் அடிக்கும். அந்த வாசம் வந்துவிட்டால் காலம் அதிகமில்லை. டேப்பில் காந்தத் தூளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அப்படிப் போனதை ஐம்பது டிகிரி சொச்சச் சூட்டில் பல மணி நேரம் பதமாக வைத்தெடுத்தால் சில நாளைக்கு ஓடும். அந்தச் சில நாளுக்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள். தட்டுகளில் பழைய 78 மட்டும் வேறு ஜாதி. அரக்கில் செய்தது. அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளில் பூச்சி உண்டாக்கி, உலகத்துக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து போனது. கீழே விழுந்தால் உடையும், ஆனால் உப்புக்காற்றுக்கு அசையாது. இந்தக் கரையில் கேசட்டுகள் பூஞ்சை பிடித்து நாசமான அலமாரியிலேயே அவற்றுக்கு முப்பது வயது மூத்த 78 தட்டுகள் நன்றாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒலி நெகட்டிவிலிருந்து எடுத்தால் வேறொரு சிக்கல். அந்தக் காலத் தியேட்டர்களில் மேல் அதிர்வுகளை வேண்டுமென்றே தாழ்த்தி ஒலிக்கவிடுவார்கள். பிலிமின் சொரசொரப்பு கேட்காமல் இருக்க 1938இலேயே ஹாலிவுட்டில் வகுத்துக்கொண்ட வழக்கம் அது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஒலிப்பதிவாளர் மேல் பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பதிவார். இதை அறியாதவர் நெகட்டிவை அப்படியே கணினியில் ஏற்றினால் ‘ச’கரங்கள் ஊசியாய்க் குத்தும். பழைய பாட்டென்றால் கிறீச்சென்றுதான் இருக்கும் என்று இளைஞர்கள் நினைப்பதற்கு இது ஒரு காரணம். சுசீலாவின் குரலில் கிறீச்சு கிடையாது. அது கணக்குத் தப்பியதால் வந்தது.

*

துப்புரவு இரண்டு வகை. தட்டின் கீறலால் வரும் ‘டக் டக்’ சத்தம் ஒன்று. அது வந்து போகும் நேரம் ஆயிரத்தில் சில பங்கு நொடி. அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பொறுக்கிய இடத்தில் முன்னும் பின்னும் உள்ள ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பிவிடுவார்கள். கவனமாகச் செய்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மற்றது இடைவிடாத இரைச்சல். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் கேட்கும் ‘ஸ்ஸ்’. கணினி அந்த ஒரு நொடியைக் கேட்டு, இதுதான் இரைச்சலின் முகம் என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, பாட்டு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கிறது. கோளாறு இங்கேதான். தம்புராவின் மேற்சுரங்கள், சலங்கையின் சிலிர்ப்பு, புல்லாங்குழலில் துளையை ஒட்டி ஓடும் காற்று, வில் நரம்பைத் தொடும் முதல் உரசல், பாடகர் அடுத்த அடிக்கு முன் இழுக்கும் மூச்சு: இவற்றின் முகமும் கணினிக்கு அதே மாதிரிதான் தெரியும். கொஞ்சம் கழித்தால் இவை கொஞ்சம் போகும். முழுதாகக் கழித்தால் முழுதாகப் போகும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி, ஓரங்கள் குழைந்த ஒரு குரல்.

மூச்சு போனால் என்ன என்று கேட்கலாம். பாட்டில் அது ஒரு ஸ்வரமும் இல்லைதானே.

பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடும்போது மூச்சை எங்கே வைத்தார் என்று கேட்டால் அவர் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது தெரியும். சௌந்தரராஜன் நீண்ட அடியை ஒரே இழுப்பில் முடிக்கத் துணிந்தாரா, நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு கால் மூச்சு எடுத்தாரா என்பதில் அவர் வித்தை இருக்கிறது. பாட்டு கற்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடமில்லை. அதோடு, பாடகரும் ஐம்பது வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து என்ற நிபந்தனையோடு நின்று பதிந்த பாட்டு அது. அந்த நேரம் அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்த மூச்சுதான்.

இரைச்சல் தட்டினுடையது, டேப்பினுடையது, பிலிமினுடையது. அதைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். மூச்சின்மேல் கை படுகிற இடம் வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் மெல்லிய இரைச்சல் மிஞ்சினால் மிஞ்சட்டும். காது இரண்டாவது அடியிலேயே அதை மறந்துவிடும். நாற்பது வருடம் கடல் தாண்டி வந்த வானொலியைக் கேட்டவர்கள் நாங்கள். காது எதை மறக்கும், எதை மறக்காது என்பது எங்களுக்குத் தெரியும்.

*

வேகம்.

பிலிம் நொடிக்கு 24 சட்டம் ஓடும். நம் பழைய பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்கு 25 வேண்டும். அதற்காகப் படத்தையே சற்று வேகமாக ஓட்டிப் பிரதி எடுப்பது வழக்கம். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். நாலு நிமிடப் பாட்டு பத்து நொடி முன்னதாக முடியும். அது தெரியாது. ஆனால் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். அது தெரியும். சீர்காழி கோவிந்தராஜன் இன்னும் கொஞ்சம் இளையவராகக் கேட்பார். ஏ. எம். ராஜாவின் குரலில் உள்ள பட்டுத்தன்மை கொஞ்சம் இறுகும்.

இப்படி எடுத்த பிரதியின் ஒலியிலிருந்து ‘புதுப்பித்த பாட்டு’ வெளிவந்தால், அதற்குப் பிறகு ஆர்மோனியத்தில் கைவைத்து அந்தப் பாட்டைப் பழகுகிற பிள்ளைக்குக் கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ சுருதி நிற்கும். தன் காதுதான் கெட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

*

உரப்பு பற்றி ஒரு வரி போதும். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிட்டால் வீணைக்கும் முரசுக்கும் வித்தியாசம் இருக்காது. இன்றைய பாட்டுச் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குத் தாமே கொண்டுவந்துவிடுகின்றன. எனவே கத்தவைத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

*

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண் என்பார்கள். காலை பூஜைக்கு நாகஸ்வரம் கிழக்குப் பக்கம் வாசிக்கும்போது வடக்குப் பிரகாரத்தில் நின்று கேட்டால், வாசிப்பவர் நிறுத்திய பிறகும் கல் கொஞ்சநேரம் வாசிக்கும். ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது வாசித்தது எது திரும்பியது என்று பிரிக்கமுடியாமல் வரும். அங்கே பல வருடம் வாசித்தவர்கள் அதைக் கணக்கில் வைத்தே வாசிக்கிறார்கள். வேகமான பிடிகளைக் குறைத்து, கார்வைகளை நீட்டி, கல் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

ஸ்டுடியோவும் ஒரு வகைப் பிரகாரம்தான். வாஹினியின் கூடம் ஒரு மாதிரி பதில் சொல்லும், ஏவி.எம்மின் கூடம் இன்னொரு மாதிரி. எதிரொலி வேண்டுமென்றால் காலி அறை ஒன்றில் ஸ்பீக்கரை வைத்து ஓட்டி, அங்கே எழும் ஒலியை இன்னொரு மைக்கில் பிடித்துக் கலந்துகொள்வார்கள். ஜே. ஜே. மாணிக்கம், டி. எஸ். ரங்கசாமி என்று டைட்டிலில் ஒரு கணம் வந்து போகும் பெயர்களுக்குப் பின்னால் இருந்த வித்தை அது: எந்த வாத்தியத்தை மைக்குக்கு எத்தனை அடி தள்ளி உட்காரவைப்பது, பாடகர் உச்சம் தொடும்போது எத்தனை அங்குலம் விலகச் சொல்வது. பிறகு திருத்த வழியில்லை. ஒரே தடத்தில் எல்லாம் கலந்து இறங்கிவிடும்.

ஆக அந்தப் பாட்டுகளில் கூடத்தின் பதிலும் ஒரு வாத்தியம். புதுப்பிக்கிறோம் என்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கணினியிலிருந்து புதிதாக ஒரு பெரிய மண்டபத்தைப் பாடகரைச் சுற்றிக் கட்டிவிடுகிற பதிப்புகள் உண்டு. கேட்பதற்குப் பிரமாண்டமாக இருக்கிறது. அந்த மண்டபத்தில் யாரும் ஒருநாளும் நின்று பாடியதில்லை.

*

மண்டபம் முகாம் வழியாக ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் ஒரு பாட்டு நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திவைத்துப் பரிசோதித்து அனுப்பிய இடம் அது. பிறகு அதே இடம் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களுக்கு முகாமானது.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) கதையில் ராமேஸ்வரத்து அகதி முகாமில்தான் அந்தக் குழந்தை பிறக்கிறாள். ஊரைவிட்டுப் பெயர்ந்து போகிற மக்களின் பாட்டு ஒன்று அந்தப் படத்தில் வரும். ஏ. ஆர். ரஹ்மான் இசையில் அதைப் பாடியவர்களில் முதன்மையானவர் எம். எஸ். விஸ்வநாதன். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது.

அந்தக் குரலில் மெருகு இல்லை. ஓரத்தில் உடைசல் இருக்கிறது. மேலே போகும்போது காற்று முந்திக்கொண்டு வருகிறது, சொல் பின்னால் வருகிறது. ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் அதில் எதையும் மறைக்கவில்லை. அந்தப் படத்தின் ஒலிக்காக அவருக்கும் ஏ. எஸ். லக்ஷ்மி நாராயணனுக்கும் தேசிய விருது வந்தது. இசைக்காக ரஹ்மானுக்கும் வந்தது. ஸ்ரீதர் 2008இல் காலமானார். தமிழ்ப் பாட்டின் ஒலியை ‘ரோஜா’வின் காலத்திலிருந்து மாற்றி அமைத்தவர்களில் ஒருவர், இரைச்சலே இல்லாத ஒலிப்பதிவு எப்படியிருக்கும் என்று நமக்குக் காட்டியவர். அவரே இந்தக் குரலின் காற்றையும் உடைசலையும் தொடாமல் விட்டுவைத்தார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இசையமைத்த பாட்டுகளைத்தான் இந்தக் கடல் அரை நூற்றாண்டாக அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குச் சுமந்து வந்தது, நடுத்துண்டாக, மெலிந்து, ராத்திரியில் ஏறியும் இறங்கியும். அதே கடலைத் தாண்டுகிற மக்களுக்காக அவரே பாடும்போது எந்தத் திரையும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தொண்டைபோல அது கிடைத்திருக்கிறது. இந்தப் பாட்டை வைத்துக்கொண்டுதான் நான் மற்றவற்றை அளக்கிறேன். சீர்செய்த பழைய பாட்டு ஒன்று வந்தால், பாடியவரை இந்த அளவுக்கு அருகில் கொண்டுவர முயன்றிருக்கிறார்களா, அல்லது அவரைத் துடைத்து வழுவழுப்பாக்கித் தூரத்தில் நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

ஒருநாள் யாராவது இந்தப் பாட்டையும் ‘புதுப்பிக்க’ வருவார்கள். அந்தக் காற்றை இரைச்சல் என்று அவர்களுடைய கணினி சொல்லும்.

*

ஒரே தடத்தில் கலந்த ஒலியைக் குரல் தனி, தாளம் தனி, நரம்பு தனி என்று பிரிக்கும் மென்பொருள் வந்துவிட்டது. பீட்டில்ஸின் 1966ஆம் வருட ‘ரிவால்வர்’ 2022இல் அப்படிப் பிரித்து மறுபடி கலக்கப்பட்டது. 2023இல் ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு பாடிவைத்திருந்த கேசட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்து ஒரு பாட்டையே முடித்தார்கள். இங்கே 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ரஹ்மான் இயந்திரக் கற்றலால் உயிர்ப்பித்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார். அது மறுபதிப்பு இல்லை, வேறு விஷயம். ஆனால் கேட்டுச் செய்தார் என்பது முக்கியம்.

1964இன் ‘கர்ணன்’ 2012இல் புதுப்பித்து வந்தபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. பழைய பாட்டைப் பெரிய ஒலியில் கேட்க மக்கள் காசு கொடுத்து வருவார்கள் என்பதற்கு அதற்குமேல் நிரூபணம் வேண்டாம். அதைப் பிரித்துக் கலந்தால் ஒருவேளை இன்னும் நன்றாக வரும். நான் அதற்கு எதிரியில்லை. சசிதரன்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்து, ஒலித்தட்டின் உறையில்கூடப் பெயர் வராமல் போனவர்கள். அவர்களுடைய வாசிப்பு மேலே வருமானால் வரட்டும்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். மாற்றியதோடு சேர்த்து மாற்றாததையும் வெளியிட வேண்டும். பீட்டில்ஸ் பிரதிகளில் பழைய மோனோவும் கூடவே கிடைக்கிறது. 5000 பாட்டு ஏற்றிய கார்வான் பெட்டி 2017இலிருந்து வீடு வீடாக வந்திருக்கிறது. எங்கள் தெருப் பெரியவர்கள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள். இன்னொரு தலைமுறைக்கு அதில் உள்ளதுதான் அசல். அப்படியிருக்க, எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒவ்வொரு பாட்டின் கீழும் நாலு விவரம் தரலாம். எதிலிருந்து எடுத்தது: டேப்பா, நெகட்டிவா, தட்டா. எந்த வேகம். என்ன நீக்கியது. யார் செய்தது. படத்தில் லைட்பாய்வரை பெயர் போடுகிறோம். ஒரு பாட்டை அடுத்த ஐம்பது வருடத்துக்கு எப்படிக் கேட்போம் என்று முடிவு செய்கிறவர் பெயரில்லாமல் இருக்கிறார்.

*

காக்காவின் பெட்டியில் உள்ளவற்றைப் பிரதி எடுக்கலாம் என்று பேசி முடிவாகியிருக்கிறது. அவர் மகன் துபாயிலிருந்து ஊசிகள் வாங்கி வந்திருக்கிறான். 78க்கு ஊசிமுனை மனித முடியின் கனத்துக்குக் கிட்டே, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு இருக்க வேண்டும். எல்.பி. ஊசி அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதை 78 தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் உழும். இணையத்தில் உலவும் பல மோசமான பிரதிகள் இப்படிப் பிறந்தவை. தட்டை முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவவேண்டும். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். பிறகு எதையும் கழிக்காமல், எதையும் தூக்காமல், கீறலோடும் கொரகொரப்போடும் ஒரு பிரதி எடுத்து, அதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் துப்புரவு.

வேகத்தைச் சரிபார்க்க காக்கா ஒரு வழி சொன்னார். இந்த ஊரில் பழைய ஆர்மோனியப் பெட்டி வைத்திருக்கும் பாகவதர் ஒருவர் இருக்கிறார். பாட்டின் ஆதார சுருதி கட்டையில் சரியாக வந்து உட்காரும்வரை சுழற்சியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாத் தட்டுக்கும் அது ஒத்துவராது. அந்தக் காலத்துப் பெட்டிகளே சுருதியில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். ஆனால் தொடங்குவதற்கு அது போதும். முதல் தட்டு ‘பாவ மன்னிப்பு’ என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருக்கிறார்.